ஸ்பானியரின் போர்நாய்களும் புதுவுலகத்தின் பூர்வகுடிகளும்

நன்றியறிதலுக்கு நாயை உதாரணமாகக் கூறுதல் நம் நாட்டில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். ஒரு நாள் இட்ட ஒரு பிடி சோற்றை உயிருள்ளளவும் மறவாது இட்டவன் வாயிலைக் காத்துக் கிடப்பது அதன் இயல்பு. தருமபுத்திரர் தம் கடைசி யாத்திரையில் தம்பியரையும் தேவியையும் இழந்து தனித்துச் சென்றபோது அவரைப் பின்தொடர்ந்தது ஒரு நாயே என்னும் கதையை நம் இல்லத்துச் சிறுவரும் அறிவர். இத்தகைய பிராணியை ஆயுதமாக்கி, ஒரு கண்டத்தின் குடிகளை நடுநடுங்கச் செய்த சரித்திரம் ஒன்று உண்டு. அது மேல்கடலுக்கு அப்பால் நிகழ்ந்ததெனினும், மனிதன் மனிதனுக்குச் செய்யத் துணிவது எதுவென்பதையும், அதனை ஏட்டில் எழுதிவைக்கும் முறை எதுவென்பதையும் நமக்கு நன்கு விளக்குவது. ஆதலின், நம் சங்கத்து அன்பர்களும் அவர்தம் குடும்பத்தினரும் அறியுமாறு அதனை ஈண்டுச் சுருங்க எழுதலுற்றோம்.

கப்பலேறி வந்த நாய்கள்

கொலம்பஸ் என்பார் ஸ்பெயின் தேசத்து அரசரும் அரசியும் அளித்த பொருளுதவியால் 1492-ஆம் ஆண்டில் மேற்குக் கடலைக் கடந்து கரீபியத் தீவுகளை அடைந்தார். மறு ஆண்டு, 1493-ல், அவர் 17 கப்பல்களுடன் இரண்டாம் முறை புறப்பட்டார். முதற்பயணம் வழிதேடும் பயணம். இரண்டாவதோ குடியேறி ஆளும் நோக்கமுடையது. ஆகவே அக்கப்பல்களில் போர்வீரரும் தொழிலாளரும் மட்டுமன்றிக் குதிரைகளும், பன்றிகளும், மாடுகளும், அவற்றுடன் வேட்டைநாய்களும் ஏற்றப்பட்டன.

அந்நாய்கள் இருவகையின. ஒன்று, அகன்ற தாடையும் பருத்த உடலும் வாய்ந்த மாஸ்டிப் என்னும் காவல்நாய். மற்றொன்று, நீண்ட கால்களுடன் காற்றெனப் பாயும் மெல்லிய வேட்டைநாய். ஐரோப்பாவில் காட்டுப்பன்றியையும் மானையும் வேட்டையாட வளர்க்கப்பட்ட இவை, புதுவுலகத்தில் மனிதரை வேட்டையாடப் பழக்கப்பட்டன. இவற்றின் கழுத்தில் முட்கள் வைத்த பட்டையும், அம்பு தைக்காதிருக்கப் பஞ்சு திணித்துத் தைத்த மெய்க்கவசமும் அணிவிப்பதுண்டு.

புதுவுலகத்துப் பூர்வகுடிகள் நாயையே கண்டறியாதவர் அல்லர். அவர்களிடத்தும் நாய்கள் இருந்தன. ஆயினும் கரீபியத் தீவுகளிலும் மெக்ஸிக்கோவிலும் இருந்தவை பெரும்பாலும் சிறியவை, சாதுவானவை. சில உணவின் பொருட்டு வளர்க்கப்பட்டவை. ஆதலின் ஸ்பானியரின் நாய்களை முதன்முதற் கண்ட அவர்கள் அவற்றை வேறொரு கொடிய விலங்கினமென்றே எண்ணித் திகைத்தனர். மெக்ஸிக்கோ நாட்டு முதியோர் தம் மொழியிற் கூறியவற்றைக் கேட்டு சாஹகூன் என்னும் பாதிரியார் தொகுத்த பெருநூலில், அந்நாய்களின் மடிந்த காதுகளும், தொங்கும் தாடையும், தீயெனச் சுடரும் மஞ்சள் விழிகளும், சிறுத்தையினது போன்ற புள்ளிகளும் விவரிக்கப்பட்டிருக்கின்றன. பல்லாண்டு கழிந்த பின்னரும் அம்முதியோர் உள்ளத்தினின்று அவ்வுருவம் அகலவில்லை.

1494-ஆம் ஆண்டு மே மாதத்தில் கொலம்பஸ் ஜமெய்க்காத் தீவில் இறங்கியபோது, கரையில் எதிர்த்து நின்ற குடிகள்மேல் ஒரு நாய் ஏவப்பட்டது. அடுத்த ஆண்டு, 1495 மார்ச்சு மாதத்தில், ஹிஸ்பனியோலாத் தீவின் வேகா ரியல் என்னும் சமவெளியிற் பெரும்போர் நிகழ்ந்தது. அத்தீவே இக்காலத்தில் ஹெய்ட்டி, டொமினிக்கன் குடியரசு என்னும் இரு நாடுகளாக விளங்குவது. 200 காலாட்களும், 20 குதிரைவீரரும், 20 வேட்டைநாய்களும் சென்று அப்போரை வென்றதாக லாஸ் காஸாஸ் என்னும் ஸ்பானியப் பாதிரியார் எழுதியுள்ளார். ஒவ்வொரு நாயும் ஒரு மணி நேரத்தில் நூறு பேரைக் கிழித்தெறிந்தது என்னும் அவர் கூற்று மிகையெனவே கொள்ளினும், மேலாடையுமின்றி நின்ற மக்கள்மேல் அவை பாய்ந்தபோது விளைந்த கலக்கம் எத்தகையதென்பதை உய்த்துணரலாம்.

விளையாட்டாய் விளைந்த யுத்தம்

1502-ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒன்றை லாஸ் காஸாஸ் விரிவாக எழுதியுள்ளார். ஹிஸ்பனியோலாவின் அருகே சவோனா என்னும் சிறு தீவு உளது. ஸ்பானியர் கப்பல் ஒன்று மரவள்ளிக்கிழங்கு மாவிற் சுட்ட ரொட்டியை ஏற்றிச் செல்ல அங்கு வந்தது. அத்தீவினர் அன்புடன் ரொட்டிச் சுமைகளைக் கரைக்குக் கொணர்ந்தனர். அவர்தம் தலைவர் கையிற் கோலுடன் நின்று, விரைந்து சுமக்குமாறு தம் மக்களை ஏவிக்கொண்டிருந்தார். அருகே ஸ்பானியன் ஒருவன் சங்கிலியில் நாயைப் பிடித்து நின்றான். கோல் அசையுந்தோறும் நாய் சீறிப் பாய முயன்றது. அதுகண்ட மற்றொருவன், இதை ஏவிவிட்டால் எப்படியிருக்கும் என்று நகையாடினான். நாயைப் பிடித்திருந்தவனும் விளையாட்டாகவே ஏவற்சொல்லைச் சொன்னான், சங்கிலி தன் கையில் இருக்கிறதென்னும் துணிவினால். நாய் அவனையும் இழுத்துக்கொண்டு பாய்ந்தது. அவன் பிடி நழுவிற்று. அது அத்தலைவரின் வயிற்றைக் கடித்துக் குடலைப் பறித்திழுத்தது. சிறிது பொழுதில் அவர் உயிர் நீத்தார். கப்பலோ ரொட்டியுடன் பாய்விரித்துச் சென்றது.

செய்தியறிந்த ஹிகுவேய் நாட்டார் சினந்தெழுந்தனர். பின்னர் அத்தீவில் இறங்கிய ஸ்பானியர் எண்மரைக் கொன்றனர். அதனைக் கலகமெனக் கூறி, ஓவாந்தோ என்னும் ஆளுநர் படையனுப்பி அந்நாட்டையே பாழாக்கினார். நாயால் இறந்த தலைவரின் கொலைக்கு விசாரணை நடந்ததில்லை. எண்மரின் கொலைக்கோ ஒரு நாடே தண்டம் இறுத்தது.

பங்கு பெற்ற நாய்கள்

புவர்ட்டோ ரிக்கோ என்னும் தீவில் ஆளுநராயிருந்த போன்ஸே தெ லியோன் என்பாரிடம் பெஸெரியோ என்னும் நாய் இருந்தது. செந்நிற உடலும் கரிய முகவாயும் உடைய அதன் புகழை ஓவியேதோ என்னும் ஸ்பானிய சரித்திரகாரர் விரித்தெழுதியிருக்கிறார். நள்ளிரவில் ஓடிப்போன அடிமையையும் மோப்பத்தாற் கண்டுபிடித்துக் கையைக் கவ்வி அழைத்துவருமாம். பகைக்குடியையும் நட்புக்குடியையும் பிரித்தறியுமாம். ஆதலின் கொள்ளைப்பொருளைப் பங்கிடுங்கால், விற்பொறி ஏந்திய வீரன் ஒருவனுக்குரிய பங்கும் அதற்கு மேலும் அந்நாயின் பெயரால் அதன் உடையவருக்கு அளிக்கப்பட்டது.

அந்நாயைப்பற்றி ஓவியேதோ கூறும் நிகழ்ச்சி ஒன்று கல்நெஞ்சையும் கரைப்பது. போர் முடிந்த ஒரு காலையில், ஸலஸார் என்னும் தலைவன், சிறைப்பட்டிருந்த மூதாட்டி ஒருத்தியிடம் ஒரு கடிதத்தைக் கொடுத்து, ஆளுநரிடம் சேர்ப்பிக்குமாறு அனுப்பினான். விடுதலை பெற்றோமென மகிழ்ந்து அவள் சிறிது தொலை சென்றதும், நாய் அவள்மேல் அவிழ்த்துவிடப்பட்டது. கடிதம் வெறும் வேடிக்கை. அவளைக் கிழிப்பித்துக் காண்பதே நோக்கம். பாய்ந்துவரும் நாயைக் கண்ட அவள் ஓடவில்லை. நிலத்தில் அமர்ந்து, கடிதத்தை எடுத்துக் காட்டி, நாயை ஐயா என விளித்து, தான் கிறிஸ்தவர்களின் தலைவருக்கு இக்கடிதத்தைக் கொண்டு செல்வதாகவும், தன்னைத் தீண்டலாகாதென்றும் தன் மொழியில் வேண்டினாள். நாய் நின்றது, அவளை மோந்தது, பிறகு காலைத் தூக்கிச் சிறுநீர் கழித்துவிட்டு, யாதொரு தீங்குமின்றி அகன்றது. சூழநின்ற வீரர் வியந்தனர். செய்தியறிந்த ஆளுநர் அம்மூதாட்டியை விடுவித்தார்.

ஸலஸாரின் உள்ளத்தில் எழாத இரக்கம் நாயின் உள்ளத்தில் எழுந்ததோ அன்றோ, அதனை ஆண்டவனே அறிவான். எழுதிய ஓவியேதோவும் பூர்வகுடிகள்பால் பெரிதும் பரிவுடையவர் அல்லர். ஆயினும் இதனை மறைக்காது எழுதினார். பெஸெரியோ 1514-ஆம் ஆண்டை ஒட்டி, நீரில் நீந்தித் துரத்துங்கால் கரீபியர் எய்த நச்சம்பால் மாண்டது.

அதன் குட்டியான லியோன்ஸிகோ, பால்போவா என்னும் தலைவரிடம் இருந்தது. அதுவும் ஒரு வீரனுக்குரிய பங்கைப் பெற்று உடையவருக்குப் பொன் ஈட்டிக் கொடுத்தது. 1513 செப்டம்பர் 25-ஆம் நாள் பனாமா மலைமேல் நின்று பசிபிக்குப் பெருங்கடலைக் கண்டவர் என்று நம் பள்ளிப் பாடங்களிற் புகழப்படும் பால்போவா இவரே. அம்மலையை அடையுமுன் குவாரேகுவா என்னும் ஊரில் அவர் போரிட்டு 600 பேரைக் கொன்றார் என்பதும், பெண்ணுடை தரித்து ஒழுக்கந்தவறி வாழ்ந்தனரெனக் குற்றஞ்சாட்டி, அவ்வூர்த்தலைவரின் அரண்மனையைச் சேர்ந்த ஆடவர் சுமார் 40 பேரை நாய்களுக்கு இரையாக்கினார் என்பதும் அக்காலத்திலேயே எழுதப்பட்ட செய்திகள். பாடப்புத்தகம் கடலைக் கூறும்; அதன் கரைக்குச் சென்ற வழியைக் கூறாது.

நாய்த்தண்டனை

இக்கொடுமை மிகமிக, அதனைக் குறிக்க ஸ்பானிய மொழியில் ஒரு வினைச்சொல்லும் வழக்கேறிற்று. நாயைக் குறிக்கும் பெர்ரோ என்னும் சொல்லினின்று பிறந்த அபெர்ரேயார் என்பதே அது. ஒருவனை நாய்களைக்கொண்டு கிழிப்பித்துக் கொல்லுதல் என்பது பொருள். ஒரு செயலுக்குத் தனிச்சொல் பிறக்கவேண்டுமாயின் அச்செயல் எத்துணை மலிந்திருத்தல் வேண்டும்!

1528 ஜூன் மாதத்தில், நிகராகுவா நாட்டு லியோன் நகரத்து நடுமைதானத்தில், பெத்ராரியாஸ் என்னும் ஆளுநர் சுதேசித் தலைவர் 17 அல்லது 18 பேரை இவ்வாறு கொல்வித்தார். ஸ்பானியர் சிலரைக் கொன்றனர் என்பது அவர்கள்மேற் சாட்டிய குற்றம். ஒவ்வொருவர் கையிலும் ஒரு தடி கொடுக்கப்பட்டது. நாய்களை அடித்து ஓட்டித் தப்பலாமென்று கூறப்பட்டது. முதலில் அனுபவமற்ற இளநாய்கள் விடப்பட்டன. அவற்றை ஓட்டி, பிழைத்தோமென அவர் எண்ணும் நேரத்தில், பழகிய பெருநாய்கள் அவிழ்த்துவிடப்பட்டன. இதனையும் ஓவியேதோவே எழுதியுள்ளார். இந்தப் பெத்ராரியாஸ்தான் 1519-ல் பால்போவாவின் தலையை வெட்டுவித்தவர். அவரிடம் பணிபுரிந்து அவர் மகளையும் மணந்த எர்னாந்தோ தெ ஸோட்டோ 1539-ல் பிளாரிடாவுக்குப் படைகொண்டு சென்றபோது போர்நாய்களையும் உடன் கொண்டுசென்றார். மன்னன் எவ்வழி மன்னுயிர் அவ்வழி என்பது பொய்யாகுமோ?

இலவங்கப்பட்டை தேடிய படை

நம் அடுக்களையில் நாள்தோறும் புழங்கும் ஒரு பொருளும் இச்சரித்திரத்தில் இடம் பெறுகின்றது. இலங்கைத் தீவில் விளையும் இலவங்கப்பட்டைக்கு ஐரோப்பாவில் பெருவிலை. அவ்வணிகமோ அக்காலத்தில் போர்ச்சுகீசியர் கையில் இருந்தது. தென்னமெரிக்காவின் மலைகளுக்குக் கீழ்பால் இலவங்கக்காடு உளதெனக் கேள்வியுற்ற கொன்ஸாலோ பிஸாரோ, 1541-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் கீட்டோ நகரினின்று ஸ்பானியர் 200-க்கு மேற்பட்டாருடனும், சுமை சுமக்கும் சுதேசிகள் ஆயிரக்கணக்கினருடனும், நூற்றுக்கணக்கான நாய்களுடனும் புறப்பட்டார். ஒருவகை இலவங்கமரங்கள் அங்கு இருந்தன. ஆனால் அவை சிதறிக் கிடந்தன, வணிகத்துக்கு உதவாதன. அடர்ந்த காடு எங்கேயென்று வழியிற் கண்ட குடிகளை வினவினார். இல்லையென்று உள்ளதை உரைத்தவரை உண்மையை மறைப்பவரெனக் கொண்டு சிலரைத் தீயிலிட்டார். சிலரை நாய்களுக்கு இட்டார்.

பிறகு நிகழ்ந்தது யாது? காட்டில் உணவு அற்றது. படையினர் குதிரைகளைத் தின்றனர். நாய்களையும் ஒவ்வொன்றாகக் கொன்று தின்றனர். 1542-ல் ஏறத்தாழ 80 ஸ்பானியர் கந்தலும் எலும்புமாய்க் கீட்டோ திரும்பினர். உடன் சென்ற சுதேசிகளுள் பெரும்பாலார் மாண்டொழிந்தனர்.

கண்டித்தவரும் கைக்கொண்டனர்

ஸ்பானியர் நாய்களாலேயே அமெரிக்காவை வென்றனர் என்பது உண்மையன்று. அம்மை முதலிய தொற்றுநோய்கள் கொன்றவரின் தொகை மற்றெல்லாவற்றிலும் பெரிது. எஃகு வாளும், குதிரையும், சுதேசிகளுக்குள் இருந்த பகையும் வெற்றிக்குக் காரணமாயின. நாய் அச்சத்தின் கருவி. ஒருவரைக் கிழிப்பித்து நூற்றுவரை அடக்குவதே அதனால் எய்திய பயன்.

ஸ்பானியர் அனைவரும் கொடியவர் என்பதும் பொருந்தாது. மேலே கூறிய லாஸ் காஸாஸ் ஸ்பானியரே. 1502-ல் ஹிஸ்பனியோலாவில் வந்திறங்கிய அவர், குடிகளைப் பங்கிட்டு ஊழியங் கொள்ளும் முறையினால் தாமும் பயன்பெற்றவர். 1514-ல் மனமாறி, தம் பங்கைத் துறந்து, எஞ்சிய ஆயுளை அம்மக்களுக்காக வாதிடுவதிற் செலவிட்டார். 1542-ல் ஸ்பானிய மன்னர் சுதேசிகளை அடிமையாக்குதலைத் தடுத்துப் புதுச்சட்டம் பிறப்பித்தமைக்கு அவர் முயற்சியும் ஒரு காரணம். அவர் எழுதிய கண்டன நூல் 1552-ல் அச்சாயிற்று.

அந்நூலை ஏனைய ஐரோப்பியர் ஆவலுடன் மொழிபெயர்த்தனர். நாய்கள் மனிதரைக் கிழிக்கும் சித்திரத்தை 1594-ல் தெ பிரீ என்பார் செதுக்கி வெளியிட்டார். 1655-ல் ஆங்கிலேயர் ஸ்பானியரிடமிருந்து ஜமெய்க்காவைக் கைப்பற்றினர். மறு ஆண்டே லாஸ் காஸாஸின் நூல் ஆங்கிலத்தில் மீண்டும் பெயர்க்கப்பட்டுக் கிராம்வெலுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஸ்பானியரின் கொடுமை ஆங்கிலேயரின் வெற்றிக்கு நியாயமாயிற்று.

ஆனால் 1795-ல், அதே ஜமெய்க்காவில், அடிமைத்தளையினின்று தப்பி மலைகளில் வாழ்ந்த மரூன்கள் என்னும் கறுப்பரின் வழியினர் போர் தொடுத்தபோது, ஆங்கில அதிகாரிகள் செய்தது யாது? ஸ்பானியருக்குட்பட்ட கியூபாவினின்று சுமார் 100 நாய்களையும் அவற்றை நடத்தும் 40 ஸ்பானியரையும் கூலிக்கு வரவழைத்தனர். நாய்கள் வந்தனவென்னும் செய்தியே மரூன்களை அடக்கிற்று. தீவைவிட்டு அகற்றோம் என அவர்களுக்குக் கொடுத்த வாக்கும் மீறப்பட்டது. 1796-ல் அவர்கள் கனடாவின் பனிநாட்டுக்குக் கப்பலேற்றப்பட்டனர். வாக்களித்த சேனாபதி வால்போல், தமக்குச் சட்டசபை அளிக்கவிருந்த 500 கினி மதிப்புள்ள பரிசுவாளை ஏற்க மறுத்தார்.

ஹிஸ்பனியோலாவிலும் நாய்கள் மீண்டும் வந்தன. 1803-ல், விடுதலைக்காகப் போரிட்ட கறுப்பரை ஒடுக்க ரோஷாம்போ என்னும் பிரெஞ்சுத் தளபதி கியூபாவினின்று நாய்களைத் தருவித்து, பொதுமேடையில் ஒரு கறுப்பர்மேல் ஏவிக் காட்டினார். போர்க்களத்திலோ அவை பயன்படவில்லை. முற்றுகையிற் பசித்த பிரெஞ்சுப் படையினர் முடிவில் அந்நாய்களையே தின்றனர். 1804 ஜனவரி முதல் நாள் ஹெய்ட்டி சுதந்திர நாடாயிற்று. கொலம்பஸின் 20 நாய்கள் பாய்ந்த தீவில், 309 ஆண்டு கழித்து, நாய்க்கு அஞ்சாதார் கொடி ஏறிற்று.

பெயர் எஞ்சியது எவருக்கு?

நேயர்காள்! எய்தவனிருக்க அம்பை நோவதேன்? நாய் தான் பழக்கப்பட்டபடி செய்தது. இட்டவனுக்கு நன்றியாயிருத்தல் அதன் குணம். அந்நன்றியைக் கொலைக்கருவியாக்கியது மனிதனின் குற்றம்.

இச்சரித்திரத்தில் மற்றொன்றும் நம் சிந்தைக்குரியது. பெஸெரியோவின் பெயர் நமக்குத் தெரியும். அதன் நிறம் தெரியும். அது பெற்ற பங்கும் இறந்த வகையும் தெரியும். லியோன்ஸிகோவின் தந்தை இன்னாரென்பதும் தெரியும். ஆனால் கடிதத்தை ஏந்தி நிலத்தில் அமர்ந்த அம்மூதாட்டியின் பெயர் யாது? குவாரேகுவாவின் நாற்பதின்மர் யார் யார்? எழுதினாரில்லை. கணக்கேட்டில் நாய்க்கு ஒரு வரி இருந்தது. அது கிழித்த மக்களுக்கு ஒரு வரியும் இல்லை. மூத்தோர் பெயரைப் பேரனுக்கிட்டும், திதியில் மூன்று தலைமுறையாரின் பெயர் சொல்லி நீரிறைத்தும் வரும் நமக்கு, பெயர் அழிதல் இரண்டாஞ் சாவு என்பதை விளக்க வேண்டுவதில்லை.

ஆயினும் ஒரு சித்திரம் எஞ்சியுளது. பாரிஸ் நகரத்துத் தேசியப் புத்தகசாலையில், 16-ஆம் நூற்றாண்டில் மெக்ஸிக்கோ நாட்டுச் சுதேசி ஓவியன் ஒருவன் தீட்டிய தாள் ஒன்று காக்கப்படுகிறது. கோர்த்தேஸ் என்னும் ஸ்பானியத் தலைவர் ஒருபால் நிற்கிறார். நடுவே, சோலூலா நகரத்துக் குருவை ஒரு பெருநாய் கழுத்திற் கவ்வுகிறது. மற்றும் அறுவர் சங்கிலியிற் பிணிப்புண்டு தம் முறையை எதிர்நோக்கி நிற்கின்றனர். நாயின் பெயர் அதில் இல்லை. இறக்கப்போகிறவர் இன்னார் இன்னார் என்பதை அவ்வோவியன் அவரவர் அருகே குறித்துவைத்தான்.

வென்றவர் நாய்க்குப் பெயரிட்டுப் பங்கும் அளித்தனர். தோற்றவருள் ஒருவன், கையில் வாளின்றி, ஒரு தூரிகையால் தன் முன்னோரின் பெயரைக் காத்தான். சரித்திரம் எழுதப் புகுவோரும், தம் மக்களுக்குச் சரித்திரம் கற்பிப்போரும், வென்றவர் யாரென வினவுவதோடு அமையாது, பெயரின்றி மாண்டவர் யாரென்றும் வினவுதல் கடன். அவ்வினாவை இளைஞர் உள்ளத்தில் விதைப்பதே இவ்வியாசத்தின் நோக்கமாகும்.